ராயப்பேட்டை கம்பெனியும் எங்கள் ஊர்க் கோயிலும்

சி.எஸ்.ஐ.காரனாகப் பிறந்தவன் ஆயுளில் நூறு தடவையாவது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா சார்?” சி.எஸ்.ஐ. என்றால் விடமாட்டார்கள். “ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?”

விளக்க ஆரம்பித்தால் லூத்தர், எட்டாம் ஹென்றி, அவருடைய ஆறு மனைவிகள் என்று போய்க்கொண்டே இருக்கும். பஸ் வந்துவிடும். அதனால் நான் சுருக்கமாக, “அவங்களுக்கு போப்பாண்டவர் ரோமில் இருக்கார். எங்களுக்கு ஆபீஸ் ராயப்பேட்டையில் இருக்கு” என்று முடித்துவிடுவேன்.

“அப்போ லண்டன் இல்லையா?”

இல்லை. இதை நம் ஜனங்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். ஆங்கிலிகன் குடும்பத்தில் சி.எஸ்.ஐ.யும் ஒரு பிள்ளைதான். ஆனால் கான்டர்பரி பேராயர் எங்களுக்குப் பெரியப்பா மாதிரி. கல்யாண வீட்டில் முதல் நாற்காலி உண்டு. வீட்டு விவகாரத்தில் தலையிட உரிமை கிடையாது.

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைப் புரிந்துகொள்ள பைபிள் காலேஜை விட பி.காம். அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம். எங்கள் பாடத்தில் ‘அமால்கமேஷன்’ என்று ஒரு சாப்டர் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஒன்றாக இணைந்தால் கணக்கை எப்படி எழுதுவது என்பது. பாதிப் பேர் அரியர் வைத்ததே அந்தச் சாப்டரில்தான். சி.எஸ்.ஐ. ஓர் அமால்கமேஷன்.

பிஷப் இல்லாமல் சபையே இல்லை என்று சொல்லும் ஆங்கிலிகன்காரர்கள் ஒரு பக்கம். பிஷப்பே வேண்டாம் என்று மூதாதையர் காலத்தில் சண்டை போட்டுப் பிரிந்து போன காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் கூட்டம் ஒரு பக்கம். அவர்கள் இருவரும் முன்பே சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை என்று வைத்திருந்தார்கள். மூன்றாவதாக மெதடிஸ்ட்காரர்கள். இவர்களை எல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டும்.

பேச்சு ஆரம்பித்தது 1919-ல், தரங்கம்பாடியில். முன்னால் நின்றவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912-ல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் என்ற இடத்தில் இருந்து வேலை செய்தார். அங்கே அவர் கட்டிய கதீட்ரலைப் பார்த்தால் கோயிலா, மசூதியா, சர்ச்சா என்று ஒரு நிமிஷம் திகைக்க வேண்டும். மூன்றின் சாயலும் வேண்டும் என்றே வைத்துக் கட்டினார்.

பேச்சு எவ்வளவு நாள் நடந்தது என்கிறீர்கள்? இருபத்தெட்டு வருஷம்! சிக்கல் இதுதான். பிஷப் கை வைத்து அபிஷேகம் பண்ணாத ஒரு பாதிரியார் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா, செல்லாதா? வெளியே இருப்பவர்களுக்கு இது தலைமுடியைப் பிளக்கும் வேலையாகத் தோன்றும். சொல்லப்போனால், உள்ளே இருக்கும் எனக்கே சமயத்தில் தோன்றும். ஆனால் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை செல்லாது என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லையே. கடைசியில் நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. இதுவரை இருக்கிற எல்லாப் பாதிரியாரும் செல்லும். இனிமேல் வருகிறவர்களுக்கு பிஷப் கை வைப்பார். முப்பது வருஷம் போகட்டும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். சுதந்திரம் வந்து ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் மூன்று சபைகளும் ஒன்றாயின. பிஷப் வைத்திருந்த சபையும் வைக்காத சபையும் இப்படிச் சேர்ந்தது, ஐரோப்பாவில் அவர்கள் பிரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. இங்கிலாந்தில் சில பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பல வருஷம் எங்களை வாசல் திண்ணையில்தான் உட்கார வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் எல்லாரும் வந்துவிடவில்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிகன்காரர்களில் ஒரு பெரிய கூட்டம், “பழைய வழிதான் எங்களுக்கு” என்று ஒதுங்கி நின்றது. 1975-ல்தான் சமாதானமாகி உள்ளே வந்தார்கள். அதே நந்தியாலுக்குத்தான் 2013-ல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் வந்தார், புஷ்பலலிதா என்ற அம்மையார். மூஞ்சைத் திருப்பிக்கொண்டு போன மாமாதான் கடைசியில் கல்யாணத்தில் முன்னால் நின்று பரிமாறுவார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சரியாகத்தான் இருக்கிறது.

இனி நிர்வாகம். ஊரில் ஒரு கோயில். (நெல்லைப் பக்கம் நாங்கள் ‘சர்ச்’ என்று சொல்வது குறைவு. ‘கோயில்’தான். மற்ற ஜனங்கள் ‘வேதக்கோயில்’ என்பார்கள்.) இப்படி நாலைந்து ஊர்க் கோயில்கள் சேர்ந்தால் ஒரு சேகரம். அதற்கு ஒரு குருவானவர். வயசானவர்கள் அவரை ‘ஐயர்’ என்பார்கள். மயிலாப்பூர் ஐயர் அல்ல, இவர் வேறு. சேகரங்கள் எல்லாம் சேர்ந்தால் திருமண்டலம். அதற்கு ஒரு பேராயர். திருமண்டலங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் சினாட். சினாட்டுக்குத் தலைவர் மாடரேட்டர், பேராயர்களில் ஒருவர்.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று ஐந்து மாநிலம். ஆறாவதாக ஒரு வேறு நாடே உண்டு. யாழ்ப்பாணத் திருமண்டலம். அமெரிக்க மிஷன் வழி வந்த சபைகள் அங்கே சி.எஸ்.ஐ.யில் இருக்கின்றன. அதே யாழ்ப்பாணத்தில் அசல் ஆங்கிலிகன்காரர்கள் சி.எஸ்.ஐ.யில் இல்லை, இலங்கைத் திருச்சபையில் இருக்கிறார்கள். இதை ஒரு நண்பருக்கு விளக்கப்போய் அவர் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் சபையில் அடி முதல் நுனி வரை தேர்தல். ஆங்கிலேயர் விட்டுப்போன பழக்கங்களில் கேக், கேரல் இரண்டை விட நாங்கள் அதிகப் பக்தியோடு பிடித்துக்கொண்டது ஓட்டுப் போடுவதைத்தான். அணி உண்டு, எதிரணி உண்டு, வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்பது உண்டு. தோற்றவர் ஜெபத்தோடு சேர்த்து வக்கீலையும் பார்ப்பது உண்டு. சபைத் தேர்தல் வழக்கு ஹைகோர்ட் வரை போவது புதிதல்ல. இதைப் பற்றி எழுதினால் ‘நீ எந்த அணி?’ என்று கேட்பார்கள் என்பதால் அடுத்த பாராவுக்குப் போகிறேன்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் சொத்து. ஆயிரக்கணக்கான கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம்… இவை யார் பேரில் இருக்கின்றன? பேராயர் பேரிலா? அல்ல. ஒரு கம்பெனி பேரில்! ‘சர்ச் ஆஃப் சவுத் இந்தியா டிரஸ்ட் அசோசியேஷன்’ என்று பெயர். 1913-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் பதிவானது. பதிவான தேதி 1947 செப்டம்பர் 26. அதாவது சபை பிறப்பதற்கு முதல் நாள். பிள்ளை பிறக்கும் முன்னே பீரோ வாங்கி, சாவியும் செய்து வைத்துவிட்டார்கள். லாபம் பங்கு பிரிக்காத கம்பெனி. நான் காலேஜில் படிக்கும்போது இந்த ஜாதிக் கம்பெனிக்குப் பிரிவு 25 என்று பெயர், இப்போது பிரிவு 8. ஏழு மார்க் கேள்வி. நான் சின்ன வயசில் சாக்பீஸ் திருடி விளையாடிய கோயில் ஒரு பிரிவு 25 கம்பெனிக்குச் சொந்தம் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

கோயில்களைப் பற்றிச் சொல்லாமல் கணக்கையே பேசினால் ஆசிரியர் கத்தரி போட்டுவிடுவார்.

சென்னைக்காரர்கள் தலைமைச் செயலகம் போனால், வேலை ஆகாத அன்றைக்கு (அதாவது எல்லா நாளும்) அப்படியே நாலு அடி நடந்து கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1680-ல் பிரதிஷ்டை ஆனது. இந்தியாவில் இருக்கும் ஆங்கிலிகன் கோயில்களில் இதுதான் மூத்தது. ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்ற கவர்னர், கம்பெனிப் பணத்தை எதிர்பார்க்காமல் இங்கே இருந்த வெள்ளைக்காரர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார். வசூல் நோட்டு நம் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன், இல்லை!

கூரையைப் பாருங்கள். உத்தரம் கிடையாது, மரமே கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து வளைத்த கூரை, பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று. பிரெஞ்சுக்காரன் 1746-லும் 1758-லும் வந்து சுட்டான். கோயில் நிற்கிறது. கட்டி முடித்ததும் நடந்த முதல் கல்யாணம் எலைஹு யேல் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருடையது. பிற்பாடு கவர்னர் ஆனார். அமெரிக்காவில் யேல் யுனிவர்சிட்டிக்கு அவர் பேர்தான். 1753-ல் ராபர்ட் கிளைவுக்கும் இங்கேதான் கல்யாணம். வெளியே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். ஆனால் கீழே ஆள் கிடையாது. ஆட்கள் பிற்பாடு சட்டக் கல்லூரி இருந்த பக்கத்தில் புதைக்கப்பட்டார்கள். முற்றுகையின்போது எதிரி அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டதால் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

கொச்சிக் கோட்டையில் செயின்ட் பிரான்சிஸ் கோயில் இன்னொரு அதிசயம். போர்ச்சுக்கீசியர் கட்டி கத்தோலிக்கம், 1663-ல் டச்சுக்காரர் வந்து சீர்திருத்தம், 1795-ல் இங்கிலீஷ்காரர் வந்து ஆங்கிலிகன், இப்போது சி.எஸ்.ஐ. சுவர் ஒன்றுதான், சபை நாலு. வாஸ்கோ ட காமாவை 1524-ல் இங்கேதான் புதைத்தார்கள். பிறகு மகன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் போனால் மேலே மரத்தைப் பாருங்கள். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் அரண்மனையிலிருந்து பிடுங்கி வந்தது. கர்த்தர் மன்னிப்பாராக.

ஆனால் எனக்கு மனசுக்கு நெருக்கம் எங்கள் தெற்குதான். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை 1785-ல் கட்டிய சின்னக் கோயில் இருக்கிறது. ஊரில் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்பார்கள். கவர்னரும் இல்லை, கம்பெனியும் இல்லை, தஞ்சாவூரிலிருந்து வந்த தனி ஒரு பெண்மணி. 1780-ல் அந்தச் சபையில் பேர் எழுதினபோது மொத்தம் நாற்பது பேர். திருநெல்வேலி சபை என்கிற ஆலமரத்துக்கு அதுதான் விதை. அதே ஊரில் ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய கதீட்ரல் ஊசிக்கோபுரம். மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோபுரம் 192 அடி. தேரி மணலில் வழி தப்பினவனுக்கு அதுதான் கைகாட்டி. முதலூர் 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர், அதனால் முதலூர். (அங்கே தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஆசிரியர் செலவைக் கொடுத்தால் நேரில் போயே எழுதலாம்.)

இடையன்குடி கோயில் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் கொஞ்சம் சீரியஸாகிவிடுவேன். கால்டுவெல் ஐயர் 1847-ல் அஸ்திவாரம் போட்டார். 1880-ல் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று வருஷம்! இடையில் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி முடித்து, 1877-ல் பிஷப்பும் ஆகிவிட்டார். இலக்கணம் முடிந்தது, கட்டடம் முடியவில்லை! 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம், போன வருஷம் எங்கள் ஊர்க் கோயிலை இடிப்பதா, வேண்டாமா என்று எழுந்த சண்டை. ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு அங்கே நான் சாப்பிடப் போக வேண்டும்.

கோயில் பெரிதல்ல. சரித்திரப் புத்தகத்தில் வராது. கனத்த சுவர், பனங்கை போட்ட ஓட்டுக்கூரை, இரண்டு வரிசைத் தூண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலேயிருந்து ஓடு ஒன்று சரிந்து பெண்கள் பக்கம் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கே ஊர் இரண்டாகிவிட்டது. ‘இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுவோம்’ அணி. ‘பழுது பார்ப்போம்’ அணி. முதல் அணிக்கு ஓடு மட்டும் காரணமில்லை. பக்கத்து ஊர்க்காரன் புதுக்கோயில் கட்டி 120 அடிக்கு கோபுரம் எழுப்பிவிட்டான். நம்மது 140 ஆவது வேண்டாமா?

“நீதான் பி.காம். ஆச்சே. ரெண்டு எஸ்டிமேட்டையும் பாத்துச் சொல்லுடே” என்று பொருளாளர் அண்ணாச்சி என் கையில் பைலைத் திணித்தார்.

பார்த்தேன். புதுக்கோயிலுக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம். வரிப் புத்தகத்தில் குடும்பம் 210. வகுத்தால் தலைக்கட்டுக்கு ஒன்றரை லட்சம். அந்த 210-ல் பாதி சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் இருக்கிறது. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாதாரண ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் எண்பது, தொண்ணூறு பேர். அதிலும் முக்கால்வாசி மூட்டு வலிக்காரர்கள். அசனப் பண்டிகை அன்றைக்கு மட்டும் ஆயிரம் பேர். ஒரு நாள் கூட்டத்துக்காக 365 நாள் கட்டடமா என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

கமிட்டி கூடியபோது என் குறிப்பை வாசித்தார்கள். இடிக்கும் அணித் தலைவர் எழுந்தார். துபாயில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். “தம்பி கணக்கு சரிதான். ஆனா அந்த ஆயிரம் பேரும் இந்த ஊர்ப் பிள்ளைகதானே? வருஷத்துல ஒரு நாள் வாரான். அவன் பிள்ளைக்கு இதுதான் நம்ம கோயிலுன்னு காட்ட நினைக்கான். பந்தல்ல நின்னு வெயில்ல வேகுதான். நாலு வருஷம் அப்படிப் போனா அஞ்சாவது வருஷம் வரமாட்டான். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குல எழுதுவ?”

நியாயமாகத்தான் பட்டது. என்னிடம் அதற்கு என்ட்ரி இல்லை.

“நம்ம பாட்டன் கட்டின கோயில இடிக்கறதுக்கு நாமதானே முடிவு பண்ணணும்?” என்றார் இன்னொருவர்.

“முடிவு பண்ணலாம். பேராயர் ஆபீஸ் அனுமதி வேணும். பத்திரம் கம்பெனி பேர்ல இருக்கு” என்றேன்.

“எந்தக் கம்பெனி?”

“ராயப்பேட்டையில இருக்கு.”

கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியானது. “அப்போ நாம யாருலே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. சட்டப்படி நாங்கள் வருஷா வருஷம் வெள்ளையடித்துக் கொடுக்கும் ஆட்கள்.

அப்போதுதான் அந்தப் பாட்டி எழுந்தார். எண்பது தாண்டியவர். கமிட்டியில் இல்லை. வாசல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏய்யா, எனக்குக் கலியாணம் ஆனது இந்தத் தூணுக்குப் பக்கத்துல. மூணு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இங்க. அவுகளக் கடைசியாக் கொண்டாந்து வச்சதும் இங்க. நீங்க புதுக்கோயில் கட்டுங்க, வேண்டாங்கல. நான் போனப்புறம் கட்டுங்க. ரொம்ப நாள் ஆகாது.”

யாரும் பேசவில்லை. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் பாட்டியின் சொந்த மருமகன், “இதைத்தான் பத்து வருஷமா சொல்லிட்டு இருக்காக” என்றார். கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தது பாட்டிதான்.

ஓட்டெடுப்பு வைத்தார்கள். பழுது பார்ப்பதற்கு எட்டு, இடிப்பதற்கு ஏழு. பாட்டியா, என் கணக்கா, கம்பெனி பயமா, எது அந்த எட்டாவது கையைத் தூக்கியது என்று தெரியாது. துபாய் அண்ணன் ஒன்றும் சொல்லாமல், ஓடு மாற்ற முதல் நன்கொடையாக ஒரு லட்சம் எழுதிவிட்டுப் போனார்.

பழுது பார்க்க வந்தவர் காரைவேலை தெரிந்த வயசான கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ பக்தியோடு சுவர் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். சுவர் உப்பி உதிரும். ஈரம் மேலே ஏறித்தான் சுவரில் உட்கார்ந்திருந்த பனங்கை நுனிகள் இற்றுப்போயின, அதனால்தான் ஓடு சரிந்தது. “சுவர்ல கோளாறு இல்ல. பூச்சுலதான் கோளாறு. இன்னும் நூறு வருஷம் நிக்கும்” என்றார்.

சிமெண்டை உரித்துவிட்டு சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி அரைக்க வேண்டும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணத்தில் பளிங்கு மாதிரி சுவர் மின்னியது இந்த வித்தையால்தான். ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு இத்தனை என்று முட்டை கொண்டுவந்தார்கள். போதாததைக் கடையில் வாங்கினோம். மஞ்சள்கரு முழுவதும் ஐயர் வீட்டுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் போய், ஒரு மாசம் ஊரே ஆம்லெட் வாசனை.

போன வாரம் பொருளாளர் அண்ணாச்சி போன் பண்ணினார். குரலில் கவலை.

“தம்பி, திருமண்டல ஆடிட்டர் ஒரு கேள்வி அனுப்பியிருக்காரு. கோயில் மராமத்துக் கணக்குல 600 முட்டைக்கு வவுச்சர் இருக்காம். என்ன விவரம்னு கேக்காரு. அசனக் கணக்குல மாத்திரலாமா?”

“மாத்தாதீங்க அண்ணாச்சி. அசனத்துக்குக் கறிதானே போட்டோம்? அங்க மாத்தினா அதைவிடப் பெரிய கேள்வி வரும்.”

“அப்போ என்ன எழுத?”

“கட்டடப் பொருள்னு எழுதுங்க. கொத்தனார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிச் சேத்துவைங்க.”

எழுதி அனுப்பியிருக்கிறார். ஆடிட்டர் பதில் இன்னும் வரவில்லை.